கடைப் பெயரை ஏலத்தில் விடலாமா?

வீட்டில் உள்ள பிரிண்டர் திடீரென்று வேலை செய்ய மறுக்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? பிரவுசரைத் திறந்து அந்தப் பிரிண்டர் நிறுவனத்தின் பெயரையும், கூடவே "கஸ்டமர் கேர்" என்ற சொற்களையும் டைப் செய்து என்டர் தட்டுகிறோம். திரையில் வரும் பட்டியலில் முதலாவதாக இருப்பதைக் கிளிக் செய்கிறோம். அங்கே பெரிய எழுத்தில் தரப்பட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்கிறோம். மறுமுனையில் பேசுபவர் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான் என்று நம்பி, அவர் சொல்வதை எல்லாம் செய்கிறோம். அவர் கேட்கும் பணத்தையும் அனுப்பி விடுகிறோம்.

அவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவராக இல்லாமலும் இருக்கலாம். ஏனென்றால், நாம் கிளிக் செய்தது தேடலில் கிடைத்த முடிவு அல்ல. அது ஒரு விளம்பரம். நாம் டைப் செய்த பெயருக்குச் சற்றும் சொந்தமில்லாத ஒருவர், அந்தப் பெயரின் மீது பணம் கட்டித் தன் விளம்பரத்தை முதல் வரியில் உட்கார வைத்திருக்கிறார்.

இது சரியா? ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த பெயரை, இன்னொருவர் விளம்பரத்திற்காக வாங்கலாமா? அதை சர்ச் என்ஜின் விற்கலாமா? டிரேட்மார்க் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? வக்கீல்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் மட்டும் உரிய கேள்விகள் என்று இவற்றை ஒதுக்கி விட முடியாது. தினமும் தேடுபவர்கள் நாம்தான். ஏமாந்தால் இழப்பும் நமக்குத்தான்.

ஏலம் நடப்பது எப்படி?

கூகுள் தன் விளம்பரத் திட்டத்தை 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2018-ல் அதன் பெயர் கூகுள் ஆட்ஸ் என மாற்றப்பட்டது. இதில் விளம்பரம் தருபவர் சில சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார். இவை கீ வேர்ட் எனப்படும். யாராவது அந்தச் சொற்களைத் தேடினால் அவருடைய விளம்பரம் தோன்றும். ஒரே சொல்லைப் பலர் கேட்டால் அந்த நொடியிலேயே ஏலம் நடக்கிறது. ஒரு கிளிக்கிற்கு எவ்வளவு தரத் தயார் என்பதையும், விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு யார் மேலே, யார் கீழே என்று முடிவாகிறது. விளம்பரத்தை யாராவது கிளிக் செய்தால்தான் பணம்.

கீ வேர்டாக "பிரிண்டர்", "வீடு வாடகைக்கு" போன்ற பொதுச் சொற்களைத் தருவதில் யாருக்கும் வருத்தமில்லை. போட்டியாளரின் பெயரையே கீ வேர்டாகத் தரும்போதுதான் சண்டை தொடங்குகிறது. தொடக்கத்தில், பெயருக்கு உரியவர் புகார் செய்தால் கூகுள் அந்தப் பெயரைக் கீ வேர்டாகப் பயன்படுத்துவதைத் தடுத்து வந்தது. 2004-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2008-ல் பிரிட்டன், 2009-ல் மேலும் பல நாடுகள், 2010-ல் ஐரோப்பா எனத் தளர்வு விரிந்தது. இன்று அதன் விதி இதுதான்: பிறர் டிரேட்மார்க்கைக் கீ வேர்டாகத் தரலாம், ஆனால் உரியவர் புகார் செய்தால், விளம்பரத்தின் வாசகத்தில் அந்தப் பெயரைக் காட்டுவதற்குக் கட்டுப்பாடு வரும்.

இதில் பெயரின் சொந்தக்காரருக்கு ஒரு தலைவலி இருக்கிறது. போட்டியாளர் தன் பெயரில் பணம் கட்டி மேலே வந்து விட்டால், அவரும் தன் சொந்தப் பெயருக்கே பணம் கட்டித்தான் முதலிடத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு கிளிக்கிற்கு 10 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 200 பேர் கிளிக் செய்தால் 2,000 ரூபாய். மாதத்திற்கு 60,000 ரூபாய். ஏற்கெனவே தன்னைத் தேடி வந்து கொண்டிருந்த வாடிக்கையாளரையே விலை கொடுத்து வாங்குவது போல இது. பெரிய நிறுவனம் தாங்கிக் கொள்ளும். சிறிய கடைக்காரர் என்ன செய்வார்?

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம், 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு செய்யப்பட்ட சின்னத்தை விளம்பரத்தில் பயன்படுத்துவதும் "பயன்பாடு"தான் என்று இதன் 29(6) பிரிவு கூறுகிறது. எந்த விளம்பரம் அத்துமீறல் ஆகும் என்பதை 29(8) பிரிவு மூன்று வகையாகச் சொல்கிறது. நேர்மையான தொழில் வழக்கத்திற்கு மாறாக, பிறர் சின்னத்தைக் கொண்டு முறையற்ற ஆதாயம் அடைவது ஒன்று. அந்தச் சின்னத்தின் தனித்தன்மையைக் குலைப்பது இரண்டாவது. அதன் நற்பெயரைக் கெடுப்பது மூன்றாவது.

அதே சமயம், பிறர் பெயரை வாயில் சொல்லவே கூடாது என்று சட்டம் தடை போடவில்லை. நேர்மையான முறையில் பிறர் பொருளைச் சுட்டிக் காட்டுவதற்கு 30-ஆம் பிரிவு இடம் தருகிறது. "இந்தக் கம்பெனிப் பிரிண்டருக்குப் பொருந்தும் இங்க் கார்ட்ரிட்ஜ்" என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அந்தப் பெயரைச் சொல்லாமல் அவரால் தன் பொருளை விற்கவே முடியாது. எனவே தேவையான அளவுக்கு அதைச் சொல்ல அனுமதி உண்டு. ஒப்பிட்டுக் காட்டும் விளம்பரங்களுக்கும் இதே அளவுகோல்தான். சொட்டு நீலம் தொடர்பாக உஜாலா தரப்புக்கும் ரெக்கிட் நிறுவனத்திற்கும் இடையே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கிலிருந்து நம் நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. உன் பொருள்தான் சிறந்தது என்று நீ எவ்வளவு வேண்டுமானாலும் பெருமை பேசலாம்; அடுத்தவன் பொருள் மட்டம் என்று இழிவுபடுத்தக் கூடாது.

ஆனால் கீ வேர்டு விஷயத்தில் ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது. பிறர் பெயர் திரையில் எங்குமே தெரிவதில்லை. அது கம்ப்யூட்டருக்குப் பின்னால், ஏலக் கணக்கில் மட்டுமே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பயன்பாடும் பயன்பாடா?

சென்னையில் நடந்த வழக்கு

இந்தக் கேள்வி இந்தியாவில் விரிவாக அலசப்பட்ட முதல் வழக்குகளில் ஒன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் நடந்தது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி போன்ற திருமணத் தளங்களை நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. தங்கள் பெயரைத் தேடுபவர்களுக்குப் போட்டியாளர்களின் விளம்பரம் காட்டப்படுகிறது என்பது அதன் குறை.

2010 செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. காரணம் நாம் எளிதில் புரிந்து கொள்ளக் கூடியது. "தமிழ்", "மேட்ரிமோனி" போன்றவை அன்றாடம் புழங்கும் சொற்கள். தமிழ் வரன் பார்க்கும் எந்தத் தளமும் தன் தொழிலைப் பற்றிச் சொல்ல இந்தச் சொற்களைத்தான் பயன்படுத்தியாக வேண்டும். இரண்டு பொதுச் சொற்களை ஒட்டிப் பெயர் வைத்துக் கொண்டு, அந்தச் சொற்களை வேறு யாரும் தொடக் கூடாது என்று கேட்க முடியாது.

இதே நிறுவனம் பின்னர் இந்தியப் போட்டி ஆணையத்திடமும் 2012-ல் கூகுள் மீது புகார் தந்தது. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இதைப் படித்து விட்டுக் கீ வேர்டு விற்பனைக்குத்தான் அபராதம் என்று பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. தேடல் முடிவுகளில் தன் சொந்தச் சேவையை முன்னிறுத்தியது போன்றவற்றிற்காகத்தான் அந்த அபராதம். ஆட்வேர்ட்ஸ் விஷயத்தில் தவறு இருப்பதாக ஆணையம் முடிவு செய்யவில்லை.

வெளிநாடுகளிலும் டெல்லியிலும்

ஐரோப்பாவில் லூயி விட்டான் நிறுவனம் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் 2010 மார்ச் 23 அன்று தீர்ப்பளித்தது. கீ வேர்டைச் சேமித்துத் தருவதால் மட்டும் கூகுள் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தியதாக ஆகாது. பயன்படுத்துபவர் விளம்பரதாரர்தான் என்றது. சாதாரண விவரமும் ஓரளவு கவனமும் உள்ள ஒரு பயனாளர், விளம்பரம் யாருடையது என்பதைக் கண்டுபிடிக்க முடியாமலோ, சிரமப்பட்டே கண்டுபிடிக்க வேண்டிய நிலையிலோ இருந்தால் அது அத்துமீறல் என்றும் கூறியது. 2011-ல் இன்டர்ஃபுளோரா என்ற பூ விற்பனை நிறுவனத்தின் வழக்கிலும் இதே அளவுகோல்தான் பேசப்பட்டது. இன்டர்ஃபுளோரா பல பூக்கடைகள் சேர்ந்த ஒரு வலைப்பின்னல். அதன் பெயரைத் தேடும்போது மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையின் விளம்பரம் வந்தால், அதுவும் இந்த வலைப்பின்னலில் ஒரு கடைதானோ என்று வாடிக்கையாளர் எண்ணக் கூடும் அல்லவா?

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரெஸ்க்யூகாம் நிறுவனம் கூகுள் மீது வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாலும், 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. ஒரு பெயரை விளம்பரதாரருக்குப் பரிந்துரைத்து விற்பதும் வணிகப் பயன்பாடுதான் என்றது.

டெல்லி உயர் நீதிமன்றமும் 2023 ஆகஸ்ட் 10 அன்று தந்த தீர்ப்பில் இந்தப் பக்கமே வந்தது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயரைத் தேடினால் வேறு நிறுவனங்களின் விளம்பரம் வருகிறது என்பது வழக்கு. பெயர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கீ வேர்டாகத் தருவது விளம்பரத்தில் பயன்படுத்துவதே என்றது நீதிமன்றம். கூகுள் இதில் வெறும் பார்வையாளர் அல்ல, தீவிரப் பங்கேற்பாளர். அத்துமீறல் நடந்தால், இடைத்தரகர்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றும் கூறியது. ஆனால் கீ வேர்டாகத் தருவது மட்டுமே அத்துமீறல் ஆகி விடாது. குழப்பம் ஏற்படுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மேக்மைட்ரிப் வழக்கிலும் இதே வழிதான். அந்தப் பெயரைத் தேடுபவர் புக்கிங் டாட் காம் விளம்பரத்தைப் பார்த்தால், இது வேறு நிறுவனம் என்று அவருக்குத் தெரியும். குழப்பமில்லை என்று நீதிமன்றம் கருதியது.

பஸ் ஸ்டாண்ட் புரோக்கர்

பிறர் பெயரைக் கீ வேர்டாகத் தருவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மளிகைக் கடையில் ஒரு கம்பெனி சோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். கடைக்காரர், "அதுவும் இருக்கு, புதுசா இதுவும் வந்திருக்கு, ரெண்டு ரூபா கம்மி. எடுத்துப் பாருங்க" என்கிறார். இதில் என்ன தவறு? நமக்கு ஒரு வாய்ப்புக் கூடுகிறது. வேண்டாம் என்றால் கேட்டதையே வாங்கிக் கொண்டு வரலாம். ஒரு பெயரைத் தேடினால் அந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் திரையில் வரக் கூடாது என்று சட்டம் போட்டால், புதிதாகத் தொழில் தொடங்குபவர் நம் கண்ணில் படவே வழியில்லாமல் போகும். பழைய பெரிய பெயர்கள் மட்டுமே நிலைக்கும். விலை ஒப்பிடும் தளம், உதிரி பாகம் விற்பவர், எல்லாக் கம்பெனிப் பிரிண்டரையும் பழுது பார்க்கும் தெருமுனைக் கடைக்காரர் எல்லாருமே அடிபடுவார்கள்.

ஆனால் இன்னொரு காட்சியையும் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டிராவல்ஸ் பெயரைச் சொல்லி வழி கேட்கிறீர்கள். ஒருவர், "வாங்க சார், அதுதான்" என்று பெட்டியைத் தூக்கிக் கொண்டு முன்னால் நடக்கிறார். போய்ச் சேர்ந்த பிறகுதான் அது வேறு டிராவல்ஸ் என்று தெரிகிறது. ஆனால் பெட்டி ஏற்கெனவே வண்டியில் ஏறி விட்டது. மணியும் ஆகி விட்டது. சரி, இதிலேயே போகலாம் என்று உட்கார்ந்து விடுகிறீர்கள். டிக்கெட் வாங்கும்போது உங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லைதான். ஆனால் உங்களை அங்கே கொண்டு வந்ததே பொய்தானே? இதைத்தான் சட்டத்தில் தொடக்க நிலைக் குழப்பம் என்கிறார்கள். டெல்லித் தீர்ப்பும் இதைக் கணக்கில் எடுத்துக் கொள்ளலாம் என்றே கூறியது.

மளிகைக் கடைக்காரருக்கும் பஸ் ஸ்டாண்ட் புரோக்கருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். முதலாமவர், தான் காட்டுவது வேறு பொருள் என்று சொல்லி விட்டுக் காட்டுகிறார். இரண்டாமவர் அதை மறைக்கிறார். டிரேட்மார்க் சட்டம் காக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். பெயர் என்பது உரியவருக்கு ஒரு சொத்து. நமக்கோ அது ஓர் அடையாளம். அந்த அடையாளம் பொய்க்காத வரை, பக்கத்தில் யார் வந்து நின்றாலும் கவலையில்லை.

லேபிள் எங்கே போனது?

இங்கேதான் எனக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. கவனமுள்ள பயனாளருக்குக் குழப்பம் வராது என்று நீதிமன்றங்கள் சொல்கின்றன. அந்தப் பயனாளர், தான் பார்ப்பது விளம்பரம் என்று முதலில் தெரிந்து கொண்டால்தானே குழப்பமில்லாமல் இருப்பார்? அதை அவருக்குச் சொல்ல வேண்டியது ஒரு சிறிய லேபிள். அந்த லேபிள் என்ன நிறத்தில், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவரோ விளம்பரத்தை விற்பவர்.

தொடக்கத்தில் கூகுள் தேடலில் விளம்பரங்களுக்குப் பின்னால் தனி நிறம் இருந்தது. பட்டியலைப் பார்த்த உடனே எது விளம்பரம் என்று தெரியும். 2013 வாக்கில் அந்த நிறம் போய், மஞ்சள் நிறச் சிறு கட்டம் வந்தது. 2016-ல் அது பச்சையானது. 2020-ல் கம்ப்யூட்டர் திரையில் வெறும் கறுப்பு எழுத்தாகியது. 2022-ல் அந்த இடத்திற்கு "ஸ்பான்சர்டு" என்ற சொல் வந்தது. நிறம் போன பிறகு, மற்ற எழுத்துகளோடு எழுத்தாக அது கலந்து நிற்கிறது. கண் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர், கையகல செல்போன் திரையில், அவசரத்தில் இதைக் கவனிப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? நீதிமன்றம் மனதில் வைத்திருக்கும் கவனமான பயனாளர் வேறு. நம் வீட்டில் போனைக் கையில் வைத்திருப்பவர் வேறு.

அமெரிக்காவில் பிளேபாய் நிறுவனம் நெட்ஸ்கேப் மீது தொடுத்து, 2004-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்த வழக்கிலேயே இந்தப் பிரச்னை வந்தது. பேனர் விளம்பரம் யாருடையது என்று தெளிவாக எழுதப்படாததுதான் அங்கே சிக்கலானது. விளம்பரதாரர் யார் என்று பளிச்சென்று தெரிந்திருந்தால் வழக்கே வேறு மாதிரி போயிருக்கும். 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நாம் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

நம் நாட்டில் 2023 நவம்பர் 30 அன்று நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்களைத் தடை செய்யும் வழிகாட்டு நெறிகள் வந்தன. அவற்றில் ஒன்று, விளம்பரத்தை விளம்பரம் போலத் தெரியாமல் மறைத்துக் காட்டுவது. வழி ஏற்கெனவே போடப்பட்டு விட்டது. இதன் கீழ், தேடல் விளம்பரத்திற்கான லேபிள் எந்த அளவில், எந்த நிறத்தில், எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று அரசே அளவு நிர்ணயிக்க வேண்டும். தமிழில் தேடுபவருக்கு "விளம்பரம்" என்று தமிழிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும். அத்துடன், பிறர் பதிவு செய்த பெயரைத் தேடும்போது காட்டப்படும் விளம்பரத்தின் தலைப்பிலேயே விளம்பரதாரரின் சொந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். கீ வேர்டுக்குத் தடை வேண்டாம். முகமூடிக்குத் தடை போதும்.

கஸ்டமர் கேர் போன்ற தேடல்களுக்கு இன்னும் கடுமை தேவை. போலி டெக்னிக்கல் சப்போர்ட் விளம்பரங்கள் பெருகியதால், 2018-ல் அத்தகைய மூன்றாம் நபர் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டு வருவதாகக் கூகுளே அறிவித்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நாம் சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். தேடல் பட்டியலில் முதல் வரியைக் கிளிக் செய்யும் முன், மேலே "ஸ்பான்சர்டு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தின் அருகில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்தால், விளம்பரம் தந்தவர் யார் என்ற விவரம் கிடைக்கும். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி எடுப்பதை விட, பொருளுடன் வந்த வாரண்டி அட்டையிலோ, பெட்டியின் மீதோ, பில்லிலோ உள்ள எண்ணைப் பயன்படுத்துவது நல்லது. பேங்க் எண் என்றால் கார்டின் பின்புறமே இருக்கிறது. அடிக்கடி செல்லும் தளங்களை பிரவுசரில் புக்மார்க் செய்து வைத்துக் கொண்டால் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஏமாந்து பணம் போய் விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தவறான விளம்பரம் பற்றிய நுகர்வோர் புகார்களுக்கு 1915.

சிறிய கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் வைக்கும்போது, தொழிலையும் ஊரையும் ஒட்டி வைக்கும் பொதுப் பெயரை விட, உங்களுக்கே உரிய ஒரு பெயராகப் பார்த்து வையுங்கள். அதைப் பதிவும் செய்து விடுங்கள். சென்னை வழக்கு தரும் பாடம் இதுதான். யாரும் சொல்லக் கூடிய பெயரை யாரும் எடுத்துக் கொள்வார்கள். உங்களுக்கே உரிய பெயர் என்றால்தான் அதற்காக நீங்கள் நீதிமன்றப் படி ஏற முடியும்.

ஒரு பெயரைத் தேடுகிறோம் என்றால் அந்தப் பெயரை நம்புகிறோம் என்று பொருள். ஏலத்தில் போவது வெறும் ஒரு சொல் என்று விற்பவர் நினைக்கலாம். நம் பக்கத்திலிருந்து பார்த்தால், அங்கே விலை போவது நாம் அந்தப் பெயர் மீது வைத்த நம்பிக்கை. அதை வாங்குபவர் தன் சொந்த முகத்தைக் காட்டி விட்டு வாங்கட்டும்.